கும்பம் வைத்த பெட்டி

டார்னெய்ட்
நவம்பர் 14

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

டொரன்டோக் குளிரில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் சுகம். மனதைப் பற்றிக் கேட்காதே, இரண்டு கிழமையாக அது எங்களிடம் இல்லை. நீ போன் எடுத்தபோதெல்லாம் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன், ஓய்வு பெற்ற மனுசனுக்கு என்ன வேலை என்று நினைத்திருப்பாய். வாயால் சொல்ல வரவில்லை பிள்ளை, அதுதான் ஈமெயிலில் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு கதிரையில் இருந்து வாசி.

நவராத்திரிப் படங்களைப் பார்த்துவிட்டு, கும்பம் வைத்த பெட்டி நல்ல வடிவு, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாயே. வாங்கவில்லை, மண்டபத்தோடு வந்தது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன வருடம் வாங்கிய மண்டபம் பழைய தங்கச் சுரங்க ஊர் ஒன்றில் இருக்கிறது, இங்கிருந்து காரில் முக்கால் மணித்தியாலம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு சகோதர சங்கம் அமைத்து, தாங்களே கல் சுமந்து கட்டியது. ஒருவன் குழி இடிந்து செத்தால் சங்கம் முழுவதும் தோளில் கறுப்புப் பட்டி போட்டு ஊர்வலமாகப் போய் அடக்கம் செய்யும், பெண்சாதி பிள்ளைகளையும் பார்க்கும். சொந்தபந்தம் இல்லாதவனையும் அநாதையாகப் போகவிடமாட்டோம் என்பது அவர்களுடைய சத்தியமாம், வாசற்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்துச் சந்தோசத்தில் புளுகிப்போய், திறப்பு விழாவில் ஊரிலுள்ள எங்கள் மரண சகாய சங்கத்தோடு ஒப்பிட்டு இருபது நிமிடம் பேசினேன். தலைவர் என்றால் பேசத்தானே வேண்டும்.

அந்தப் பெட்டி மேடையில் சுவரோடு கிடந்தது. ஆள் நீளம், மூடியில் ஒரு பெரிய கண் கீறியிருந்தது, பூட்டுக்குத் திறப்பு இல்லை. பழைய கொடியும் உடுப்பும் இருக்கும் என்று நினைத்தோம். கும்பம் வைக்க மேசை அளவு காணாது என்று அம்மா சொல்ல, இதன்மேல் வையுங்கோ என்று காட்டினவன் நான்தான். வெள்ளை விரித்து, நெல் பரப்பி, கும்பம் வைத்து, ஒன்பது நாளும் அவல், கடலை, பொங்கல் என்று அம்மா படைத்தா, ஒன்பது நாளும் நான் கார் ஓடினேன். விஜயதசமியன்று பதினொரு சின்னப் பிள்ளைகள் அதன் முன்னால் இருந்து அரிசியில் அ எழுதி ஏடு தொடக்கினார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை மேடைக்குப் பெயின்ற் அடிக்கப் போனோம். பெட்டியை நகர்த்த முடியாமல், உள்ளே இருப்பதை வெளியே எடுப்போம் என்று எங்கள் செயலாளர் முரளிதரன் பூட்டை உடைத்தான். உள்ளே மனித எலும்புக்கூடு, பிள்ளை. தலை முதல் கால் வரை முழு ஆள். முரளி வெளியே ஓடிப்போய்ப் புல்லில் இருந்துவிட்டான். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா, நேரே போய்க் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டா. எலும்பைக் கண்டு பயந்து எந்த நாட்டை விட்டு வந்தோம், வந்த நாட்டிலும் இப்படியா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கொலை என்று நினைத்துப் பொலிசுக்கு அடித்தேன், மூன்று தரம் பிழையாக அடித்தேன்.

கொலை இல்லையாம். மூட்டுக்கு மூட்டு துளை போட்டுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், நூறு வருடத்துக்கு மேலாம், வயது இருபத்திரண்டுக்குள் என்று டொக்டர் எழுதியிருக்கிறார். பிறகு அந்தச் சங்கத்தின் கடைசிச் செயலாளர் அலன் என்ற கிழவர், எண்பத்தாறு வயது, கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். புதிதாகச் சேருகிறவனின் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து பெட்டியைத் திறந்து கட்டை அவிழ்ப்பார்களாம், நீயும் ஒரு நாள் இதுதான் என்று காட்டுவதற்கு. அவருக்கும் அப்படித்தான் காட்டினார்களாம். எல்லாரும் அதை ஜோர்ஜ் என்று கூப்பிடுவோம் என்று, வீட்டுப் பூனையைச் சொல்வது மாதிரிச் சொன்னார். முரளி குறிப்பைத் தேடி வாசித்தான். 1891ஆம் ஆண்டு, கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த முழு எலும்புக்கூடு ஒன்று, நல்ல நிலையில், விலைக்கு வாங்கப்பட்டது.

ஊரிலுள்ள ஒவ்வொருவனையும் ஊர்வலம் வைத்து அடக்கம் செய்த சங்கம், ஒருவனை மட்டும் புதைக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறது. நாங்கள் அவன் நெஞ்சில் கும்பம் வைத்திருக்கிறோம். பெற்றோர் எல்லாருக்கும் உண்மையைச் சொன்னேன். நாலு குடும்பம் பிள்ளைகளை நிற்பாட்டிவிட்டது. அம்மா சாமி அறைக்குள் போகவில்லை, பதினொரு பிள்ளைகளின் தலையிலும் பாவத்தைக் கட்டிவிட்டேன் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தபடியே திரிந்தா.

யாரும் பொறுப்பெடுக்காவிட்டால் எலும்பு ஏதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகும், திரும்பவும் ஒரு அலுமாரி. நாங்களே பொறுப்பெடுத்து அடக்கம் செய்வோம் என்றேன். கல்கத்தாவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு, விடுங்கோ அண்ணை என்றான் முரளி. அம்மாவும் வேண்டாம் என்றுதான் நின்றா. நேற்று நான் பொறுப்பெடுக்கிற படிவம் நிரப்பப் போகும்போது மட்டும், தானாக வந்து காரில் ஏறினா. பெயர் தெரியாது, சமயம் தெரியாது, அவற்றை வெறுமையாக விட்டேன். இறந்தவருடன் உறவுமுறை என்ற இடம் வந்ததும் பேனை நின்றுவிட்டது. அதையும் வெறுமையாக விடலாம், ஆனால் அப்படி விட்டால் எங்கள் கோரிக்கையை ஏற்கமாட்டார்கள் என்றாள் அந்த அலுவலகப் பெண். அம்மா என் கையிலிருந்து பேனையை வாங்கினா. "ஒன்பது நாள் சோறு வைச்சனான். பிறத்தியாளுக்கோ வைச்சனான்?" என்று கேட்டுவிட்டு, மகன் என்று ஆங்கிலத்தில் எழுதினா. அந்தப் பெண் வாசித்தாள், அம்மாவை ஒருதரம் பார்த்தாள், முத்திரை குத்தினாள்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஊர்ச் சவக்காலையில், சுரங்கக்காரர்களின் பக்கத்திலேயே அடக்கம். அலன் கறுப்புப் பட்டியோடு வரலாமா என்று கேட்டார். வரட்டும், ஜோர்ஜ் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா.

காருக்குக் குளிர்கால ரயர் மாற்றிவிட்டாயா, மருமகனிடம் சொல்லு. காலைச் சாப்பாட்டை விடாதே. எல்லா நலமும் பெற்று நீங்கள் இருவரும் நூறு வயது வாழ வேண்டும். அம்மா உனக்கு ஒன்று ஞாபகப்படுத்தச் சொன்னா. எங்களுக்கு வியாழன் காலை, உங்களுக்குப் புதன் மாலை ஆறு மணி. அன்று வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் காய்ச்சாதே, உன் அண்ணனின் செத்தவீடு.

அன்புள்ள அப்பா,
ஆனந்தராஜா