தேக்கிலைக்கு நடுவே ஒரு கை

அன்பு மாமாவுக்கு, மணிமொழி எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் என் குரலைக் கேட்டு ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

மந்தைவெளிப் பட்டறையில் வேலை பழகிவிட்டது. இரும்புத் துரு ஊறிய தண்ணீரில் நனைத்த இலைகளைப் பட்டு ஸ்கார்ஃபில் பரப்பி, சுருட்டிக் கட்டி, ஆவியில் வேகவைக்கிறோம். பிரித்தால் இலை நரம்போடு பதிந்திருக்கும். போன வாரம் நான் தேக்கிலை வைத்த துணியைப் பிரித்தபோது, இலைகளுக்கு நடுவே ஒரு கையும் பதிந்திருந்தது. விரல்களை விரித்த சின்னக் கை.

கூட வேலை செய்யும் தேவானை அக்கா சிரித்தார். "இன்னாமே முழிக்கிறே? துருத்தண்ணில கைய வுட்டுட்டு அப்டியே துணிய தொட்டுகீறே. உன் கைதான்."

இருக்கலாம். துருத்தண்ணீர் பட்ட கை கறுப்பாகப் பதியும், எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் என் கையை அதன்மேல் வைத்தேன், அது முழுசாக மறைந்துவிட்டது. பட்டறைக்குக் குழந்தைகள் யாரும் வருவதில்லை.

வீணான துணி என்று ஒதுக்கினார்கள். கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் பயப்படாதீர்கள்.

அத்தை போட்ட எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சமையலறைச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். என் குழந்தை இனியா காய்ச்சலில் இறந்துபோவதற்கு முந்தின பொங்கலில், மஞ்சள் குழைத்துப் பதித்த கை அங்கே இருக்கிறது. அதன்மேல் தாளை வைத்து ஓரத்தை வரைந்து, ஊறுகாயோடு அனுப்புங்கள்.

அக்கா கூப்பிடுகிறார், அடுப்பிலிருந்து பானையை இறக்க வேண்டும். தாளை மறந்துவிடாதீர்கள் மாமா. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

மணிமொழி