நாலு பேருக்கான லென்ஸ்

வியாழன் இரவு.

வேலை முடிந்து ராயப்பேட்டையில் பழைய கேமரா விற்கும் பாய் கடைக்குப் போனேன். என் மேன்ஷன் அறைக்கு ஜன்னல் கிடையாது. இருக்கிற லென்ஸில் எடுத்தால் எல்லாம் இருட்டாகவே விழுகிறது. மங்கிய வெளிச்சத்துக்கு விலை குறைவாக ஒன்று வேண்டும் என்றேன்.

“வீட்ல எத்தினி பேரு சார்?” என்றார் பாய். “ஒரு ஆளை மட்டும் எடுக்கணும்னா இந்த ஃபிஃப்டி எம்எம் லென்ஸ் போதும், விலையும் கம்மி. சின்ன ரூம்ல எல்லாரும் தெரியணும்னா தர்ட்டி ஃபைவ்தான்.”

ஃபிஃப்டி வாங்கத்தான் போயிருந்தேன். அறையில் நான் ஒருவன்தான். ஆனாலும், “நாலு பேர் பாய்” என்று வாயில் வந்துவிட்டது.

“அப்போ இதான். பசங்க மூஞ்சி சூப்பரா வரும்” என்று துடைத்துக் கொடுத்தார். இரண்டு மடங்கு விலை. சொன்னதை மாற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் ஒரு படம் எடுத்தேன். கட்டில், கொடியில் சட்டை, மூன்று சுவர் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன. நல்ல லென்ஸ்தான்.

பக்கத்து அறைக்காரர் இன்னும் தூங்கவில்லை. இருமுவது கேட்கிறது. இரண்டு வருடமாகப் பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் பெயரைக் கேட்க வேண்டும்.