காளையார்கோவில் நெல் கிட்டங்கியைக் கட்டி முடித்த பொறுப்பாளர் யார் என்பது குறித்து

அனுப்புநர்:
மா. பாண்டீஸ்வரி, பி.இ. (சிவில்),
நாச்சியாபுரம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: அரசுப் பணியில் நான் வகித்த பொறுப்பைத் தனியார் நிறுவனம் மறுத்தது – உண்மையை உறுதிசெய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா,

1. காரைக்குடி வேலுச்சுடர் கட்டுமான நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்தேன். காளையார்கோவில் அருகே அரசுக்காக அந்நிறுவனம் கட்டிய நெல் கிட்டங்கியை, அடித்தளம் முதல் ஒப்படைப்பு வரை நடத்தியவள் நான்.

2. திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பித்துள்ளேன். தேர்வு எழுத, பணிகளைத் தலைமையேற்று நடத்திய அனுபவம் வேண்டும். அதைச் சரிபார்க்கத் தேர்வு அமைப்பு கேட்டபோது, நான் வெறும் உதவியாளர் என்றும், பொறுப்பாளர் திரு. முத்தரசு என்றும் நிறுவனம் பதில் அனுப்பிவிட்டது. திரு. முத்தரசு, உரிமையாளர் திரு. கோட்டைச்சாமியின் மைத்துனர்.

3. பூமி பூஜையில் முகூர்த்தக்கால் ஊன்றுபவரையே பொறுப்பாளராகப் பதிவது இந்நிறுவனத்தின் வழக்கம். கல்யாணமாகாத பெண் கால் ஊன்றக் கூடாதென்று, பூஜைக்கு எல்லா ஏற்பாடும் செய்த என்னைச் சூடத் தட்டோடு ஓரமாக நிற்க வைத்தார்கள். கால் ஊன்றிய திரு. முத்தரசு பிறகு வரவே இல்லை. நிறுவனத்தின் பதிலைக் கேட்ட, கிட்டங்கியில் வேலை பார்த்த சித்தாள் பொன்னுத்தாயி, "பூசை அன்னைக்குப் பாத்தது. அதுக்கப்புறம் இங்குட்டு எட்டிப் பாத்தாகளா அவுக?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. பதிலைத் திருத்தித் தருமாறு நேரில் கேட்டேன். உரிமையாளர் சொன்னது: "கால் ஊனுனது யாரு? மச்சினன்தானே? அவன் பேருதான் இருக்கும். ஒனக்குச் சம்பளம் ஒழுங்கா வந்துச்சுல்ல, பேரும் வேணுமாக்கும்?"

ஐயா, வேண்டும். ஆகஸ்டு 8-க்குள் ஆதாரம் தராவிட்டால், பொய்த் தகவல் தந்தவள் என்று என்னை அந்த அமைப்பு நிரந்தரமாக விலக்கிவிடும். செய்யாத குற்றத்துக்கு அந்தப் பெயரோடு நான் வேறெங்கும் வேலை கேட்க முடியாது.

5. சென்ற ஆண்டு உரிமையாளர் கிட்டங்கி ஆட்களைத் தம் சொந்தத் திருமண மண்டப வேலைக்குத் திருப்பிவிட்டார். கூரை வேலை தாமதமானது. தங்கள் அலுவலக ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் கேட்கப்பட்டது. திரு. முத்தரசை அங்கே யாரும் தேடவில்லை. உரிமையாளர் எழுந்து, அத்தனை அதிகாரிகள் முன்னிலையிலும், "எல்லாம் இந்தப் பிள்ளை பாக்குற வேலைதான் சார். எதுனாலும் அதுட்டயே கேட்டுக்கங்க" என்று என்னைக் கைகாட்டினார். கண்டிப்பு முழுவதையும் நின்று கேட்டேன். மழைக்கு முன் கூரையையும் போட்டு முடித்தேன்.

6. அன்று அதைக் கேட்ட அதிகாரிகளும், பணியை ஆய்வு செய்த உதவிப் பொறியாளரும் இன்றும் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் கேட்டதையும் எழுத்தில் தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். சலுகை எதுவும் கேட்கவில்லை. திட்டு வாங்கும்போது பொறுப்பாளராக இருந்தவள், வேலை முடிந்த பிறகும் பொறுப்பாளர்தான் என்று அரசு சொன்னால் போதும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மா. பாண்டீஸ்வரி

இடம்: நாச்சியாபுரம்
நாள்: 14.07.2025