இரண்டாவது மாடியில் நிட்டிங் மெஷின்

12 ஜூன் 2006, திங்கள்

கட்டட டிசைன் சாஃப்ட்வேரோடு ஒட்டி ஓடுகிற மாதிரி ஒரு குட்டிப் புரோகிராம் எழுதச் சொல்லிவிட்டார் சசிகுமார் சார். "ஒவ்வொரு பில்லர் ரிசல்ட்டையும் பாத்துப் பாத்து அடிச்சுட்டிருக்கறீங்க வேல்விழி. அதுவே எடுத்துக்கற மாதிரி பண்ணிப்போடுங்க." டிப்ளமோவில் சிவில் படித்தவளுக்குப் புரோகிராம் எங்கே தெரியும்? நான் எதையாவது எழுதி, எல்லா ஃபைலும் அழிந்துபோனால்? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

15 ஜூன்

எல்லாப் பில்லருக்கும் சைபர் காட்டுகிறது.

19 ஜூன்

அனலிசிஸ் முடியும் முன்பே ரிசல்ட்டைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் சைபர். இப்போது எண்கள் வருகின்றன. தாங்காத பில்லரைச் சிவப்பாகக் காட்டவும் வைத்துவிட்டேன். ஆனாலும் பயம். எண் வருவது வேறு, சரியான எண் வருவது வேறு.

21 ஜூன்

சோதித்துப் பார்க்க ஒரு பழைய ஃபைலை எடுத்தேன். மங்கலம் ரோட்டில் என் அக்கா முத்துப்பேச்சி செக்கிங் வேலை பார்க்கிற பனியன் கம்பெனி. சார் போட்ட டிசைன்தான். ஒன்றும் சிவக்கவில்லை. இரண்டாவது மாடிக்குத் தையல் மெஷின் பாரம்தான் கொடுத்திருந்தது. போன மாதம் அங்கே துணி பின்னுகிற கனத்த நிட்டிங் மெஷின்களை ஏற்றிவிட்டார்கள், தரையே அதிருது என்று அக்கா சொன்னது நினைவு வந்தது. விளையாட்டாக அந்தப் பாரத்தைப் போட்டு ஓட்டினேன்.

நடுப் பில்லர் சிவப்பு.

அக்கா அதே மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

22 ஜூன்

என் புரோகிராம்தான் தப்பு. தப்பாத்தான் இருக்கணும். பேச்சியம்மா, தப்பா இருக்கட்டும் தாயே.

வரி வரியாகத் தேடினேன். ஒன்று கிடைத்தது — பில்லரின் நீளத்தையும் அகலத்தையும் மாற்றி எடுத்திருக்கிறேன். அழுகையே வந்துவிட்டது. திருத்தி ஓட்டினேன். எண் குறைந்தது. சிவப்பு போகவில்லை. கையால் கணக்குப் போட்டேன். அதுவும் அதையேதான் சொல்கிறது.

நாளைக்கு வேலைக்குப் போகாதே என்று அக்காவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல கலரப் பாத்துட்டு வந்து சொல்லுதியாட்டி? ஷிப்மென்ட் நேரத்துல லீவு போட்டா என்னய நிப்பாட்டிருவாக."

23 ஜூன், வெள்ளி

போயேவிட்டாள்.

ஆபீஸ் போனதும் சாரிடம் சொன்னேன். அவர் டிசைனையே குறை சொல்வது போல ஆகுமே — வாய் குழறியது. அவர் கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "மெஷினை மேல ஏத்துனது எனக்குத் தெரியாதுங்களே" என்றார். தானும் ஒருமுறை கணக்குப் போட்டார். பேனாவை மூடினார். கார் சாவியை எடுத்தார்.

"ஏனுங்க, இத்தன நாளா நிக்குதில்லீங்க?" என்றார் கம்பெனி முதலாளி கன்னையன். தரைத்தளத்தில் அந்தப் பில்லரைச் சுற்றித் துணி ரோல்களை அடுக்கியிருந்தார்கள். சார் நகர்த்தச் சொன்னார். இடுப்புயரத்தில் நெடுக ஒரு விரிசல். பெயின்ட் உதிர்ந்து கிடந்தது. மேலே மெஷின்கள் ஓடுகிற சத்தம். அங்கதானே அக்கா.

கன்னையன்தான் கத்தினார். "கரண்ட்ட நிறுத்துங்கடா! எல்லாரையும் கீழ எறங்கச் சொல்லுங்க!"

படியில் இறங்கிய கூட்டத்தில் அக்கா முகம் தெரிகிற வரை மூச்சு விட்டேனா, தெரியவில்லை.

27 ஜூன்

முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கிரேன் வைத்து மெஷின்களை இறக்குகிறார்கள்.

17 ஜூலை, திங்கள்

பில்லரைச் சுற்றிக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்கிவிட்டார்கள். தான் போட்ட பழைய டிசைன்கள் எல்லாவற்றையும் என் புரோகிராமில் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் சார். ஒவ்வொரு ஃபைலையும் திறந்ததும் சிவப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இன்றைக்குக் கம்பெனி மறுபடி திறந்தது. வேன் ஹாரன் அடித்தது. அக்கா டிபன் பாக்ஸோடு வாசலில் நின்று, "போவட்டுமாட்டி?" என்றாள். கேலியில்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

"போயிட்டு வாக்கா" என்றேன்.