கள்ளச் சர்வரில் இளவரசர் எழுந்தருளிய விவகாரம்

நலமே விளைக. ஏழு ஏரிக்கு இறைவியும், பகைவர் கனவிலும் வாள் உருவுபவரும், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாதவருமாகிய நீர்முள்ளி நாட்டுப் பேரரசி பூதலமாதேவியார் திருவாய் மலர்ந்தருள, முதலமைச்சர் இளங்காரிப் பல்லவரையர் எழுதுவித்த ஓலை. பேரரசியாரின் உடன்பிறந்த தம்பியாராகிய குன்றூர்ச் சிற்றரசர் வில்லவதரையர் காண்க. உமது நாட்டில் மாரி பொய்யாதிருக்க. மின்சாரமும் வைஃபையும் அறாதிருக்க.

விஷயம் யாதெனில், குதிரைக்களம் என்னும் ஆன்லைன் விளையாட்டில், அதை ஆக்கிய நிறுவனத்தாரின் சர்வரில், உம் மருமகனாராகிய இளவரசர் மானாபரணர் ஓராண்டு முயன்றும் ஒரு கழுதைக்கு மேல் வென்றாரில்லை. அவர் முகவாட்டம் பொறாத நீர், அவ்விளையாட்டை ஓர் ஆசாமியைக் கொண்டு திருட்டுத்தனமாக நகலெடுத்து, உமது நெற்களஞ்சியத்தின் பின்னறையில் தனிச் சர்வர் நிறுவி, முதல் நாளே அவருக்கு ஆயிரம் குதிரைகளையும் சக்கரவர்த்திப் பட்டத்தையும் அள்ளி வழங்கினீர். தாய்மாமன் பாசத்தை எவரும் குறை கூறவில்லை. வாயை மூடிக்கொண்டு விளையாடியிருந்தால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். இளவரசரோ தாம் வென்றதை நாலு பேர் பார்க்காவிட்டால் சோறு இறங்காதவர். தம் சேனலில் லைவ் போட்டார். வருகிற தை மாதம் அவருடைய பட்டாபிஷேகத்தைக் குடிகள் காண வேண்டிய சேனலும் அதுவே.

சர்வரின் பெயர் தெரியாதிருக்கத் தம் திரையின் மூலையில் ஒரு வெற்றிலையை ஒட்டி மறைத்துக்கொண்டார். பார்ப்பவர் திரையில் வெற்றிலை இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதுவாவது போகட்டும். அரச குலத்தார் எவ்வாயிலில் நுழைந்தாலும் அது யாருடையது, எங்குள்ளது என்பதைக் கட்டியக்காரர் உரக்கக் கூறுவது நம் மரபு. மரபு வழுவாத கட்டியக்காரர் தாண்டவக்கோன் மைக்கின் முன் வந்து நின்று, குன்றூர் வில்லவதரையரின் களஞ்சியப் பின்னறையில் நிறுவனத்தாருக்குத் தெரியாமல் ஓடும் கள்ளச் சர்வரில் இளவரசர் எழுந்தருளினார் என்று மும்முறை முழங்கினார். நிறுவனத்தாரும் லைவ் பார்த்துக்கொண்டிருந்தனர். மூன்றாம் முழக்கம் முடியுமுன் சேனல் முடக்கப்பட்டது.

அது போதாதென்று, இளவரசரைப் பார்த்து உமது சர்வரில் புகுந்த குடிகளின் கடவுச்சொற்களை அந்த ஆசாமி வாரிச் சுருட்டிக்கொண்டு தலைமறைவானான். கள்ளச் சர்வரில் பறிபோனதற்கு எந்தச் சபையில் முறையிடுவது? நம் படைத்தலைவரின் கணக்கிலிருந்து இப்போது தொப்பை கரைக்கும் லேகியம் விற்கப்படுகிறது.

ஆயிரம் குதிரை போனதை இளவரசர் பொறுத்தார். தாம் மகுடம் சூடும்போது பார்க்க ஆளிராது என்பதைப் பொறுக்கமாட்டாமல், பேரரசியாரின் மடியில் முகம் புதைத்து விம்மி அழுதார். பல்லவரையருக்கே கண் கலங்கிவிட்டது. கட்டியக்காரரைத் தண்டிக்கலாமா என்று பேரரசியார் வினவ, அவர் கூறியதில் ஒரு சொல்லும் பொய்யில்லையே என்று சபையோர் விண்ணப்பித்தனர்.

ஆகவே ஆணையாவது: இவ்வோலை கண்டவுடன் சர்வரை அணைத்துவிட்டுக் களஞ்சியத்தில் நெல்லை வைக்கக் கடவீர். பட்டாபிஷேகம், நாட்டில் எஞ்சியிருக்கும் ஒரே பெரிய சேனலாகிய, மடைப்பள்ளித் தலைவர் அப்பூதியாரின் சமையல் சேனலில் லைவாகக் காட்டப்படும். மகுடம் சூட்டுவது வத்தக்குழம்புக்கு முன்போ பின்போ என்பதை அவரே முடிவு செய்வார். குழம்பு கொதிப்பதைப் பொறுத்தது என்கிறார். நீரும் தவறாது வந்து, மருமகனாரின் வலப்பக்கம் நின்று, கேமரா பார்க்க வெங்காயம் உரிக்கக் கடவீர்.

ஏழு ஏரியும் ஒரு வாளும் பொறித்த முத்திரை இடப்பட்டது. இதைத் தாண்டவக்கோன் காதில் விழும்படி படிக்க வேண்டா.