மூன்று கடையில் கேட்ட விலை

பெரியநாயக்கன்பாளையம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஆல்வினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகம், ஜெர்மனியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் ஜெபித்தேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அம்மா எட்டரை பஸ்ஸுக்கு, போன வாரம் வாங்கிய கம்ப்யூட்டரின் சிபியுவைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு காந்திபுரம் கடைக்குப் போனாள், மணி இரண்டாகப் போகிறது, இன்னும் காணோம். போன் போட்டால் கட் செய்கிறாள். கூட வருகிறேன் என்றதற்கு, நீங்க ஊட்லயே இருங்க என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். நீ வேலையில் இருப்பாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், போட்டோ எடுத்து அனுப்புவேன். இன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடும் நாள், பத்து நாளைக்கு ஒரு தரம் வருவது, குடம் பிடிக்கும்போதும் கண் பஸ் ஸ்டாப் பக்கமே போய் இரண்டு குடம் வழிந்தது.

நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அம்மாவின் எம்பிராய்டரி மிஷினுக்கு டிசைன் ஏற்றுகிற பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது, ஸ்கூல் திறப்பதற்குள் நானூறு சட்டைப் பாக்கெட்டுக்கு பேட்ஜ் தைத்துக் கொடுக்க அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் மூன்று கடை ஏறினோம். ஒரே அளவு, ஒரே மெமரி, விண்டோஸ் போட்டது நாற்பத்தாறாயிரம், அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டது முப்பத்தொன்பது, உள்ளே ஒன்றுமே போடாதது இன்னும் ஆயிரம் குறைவு. ஆப்பிள் விலையைக் கேட்டுவிட்டு அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். நான் முப்பத்தொரு வருஷம் பம்பு கம்பெனியில் இருந்தவன் இல்லையா, பம்பை மட்டும் தனியாக வாங்கி எந்த மோட்டாரையும் கோத்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும் என்று எண்ணிக்கொண்டேன். கடைக்குக் கடை உனக்குப் போன் போட்டு விலை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். நீயும் லினக்ஸே போதும்பா, ஏழாயிரம் தண்டம் எதுக்கு என்றாய். அதையே வாங்கி, மிச்சம் பிடித்த பெருமையில் அன்றைக்கு அரை கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன், அது இன்னும் டப்பாவில் பிரிக்காமல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் அவளுடைய டிசைன் சாப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது, அது விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். கடையில் கேட்டால் பெட்டியப் பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டோமுங்க என்கிறார்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப் முஜீப், ஒருத்தர் இருக்காருங்ணா, காசில்லாம விண்டோஸ் ஏத்திக் குடுத்துருவாரு என்றார். திருட்டுச் சாமான என்னோட மிஷினுக்கிட்ட கொண்டுவராதீங்க என்று அம்மா அதற்கும் விடவில்லை. சரி, இப்ப என்னதான் செய்யச் சொல்லறே என்று நானும் சத்தம் போட்டுவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. மூணு கடைலயும் நீங்க ஜெர்மனிக்குத்தான் கேட்டீங்க, பக்கத்துல நின்னவள ஒரு வார்த்த கேட்டீங்களா, அதுல உக்காந்து வேல செய்யறது ஆருங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷமாக அதில் உட்கார்ந்து தைப்பவள் கைப்பையோடு நிற்கிறாள், அதை ஒரு நாளும் தொடாத நான் நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற உன்னிடம் கேட்கிறேன். உன்மேல் தப்பில்லை, எது மலிவு என்று கேட்டேன், நீ மலிவைச் சொன்னாய். நாலு நாளாகச் சோறு போடுகிறாள், காலையில் சொன்ன அந்த ஒன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. நானூறு பேட்ஜில் ஒன்றுகூடத் தைத்தபாடில்லை. ஸ்கூலில் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

நீ காலையில் சாப்பிடாமல் ஆபீஸ் போகாதே. முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டிருந்தாய், ரசாக் பாய் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதும்போது அவளே போன் செய்தாள். டிசைனும் சாப்ட்வேரும் இருக்கிற தன் பென்டிரைவைக் கொண்டுபோயிருக்கிறாள் பார், நமக்குத் தோன்றவே இல்லை. ஒரிஜினல் விண்டோஸை அங்கேயே ஏற்றச் சொல்லி, ஸ்கூல் பேட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாளாம். ஓடுதுங்க, சோறு வெச்சுப்போடுங்க, வந்ததும் மிஷின்ல உக்காரோணும் என்றாள். எவ்வளவு ஆச்சு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வரட்டுமா, பை கனக்குமே என்றேன். வாங்க என்றாள்.

குக்கரை வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காப்பாராக. ராத்திரி போன் செய்யும்போது என்னிடம் பேசாதே, அம்மாவைக் கூப்பிடு. நீயும் விலையைக் கேட்காதே, எப்படிப் பார்த்து வாங்கினாய் என்று கேள்.

உன் அப்பா,
சா. ராசப்பன்