இரண்டு பெட்டியும் ஒரு காதும்

உரும்பிராய் கிழக்கு,
மார்கழி 14.

அன்பு மகன் சுபாஸ்கரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கச்சி நிரோஜினியும் பிள்ளையார் கிருபையால் சுகமாக இருக்கிறோம். முழுச் சுகம் என்று எழுதினால் அதில் ஒரு காதளவு பொய் இருக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன். நீ அங்கே மாத்தறையில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, படிப்பும் சரியாக நடந்து நன்றாக இருக்கவேண்டும். கையில் போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடதாசி எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். கடதாசியைக் காதால் வாசிப்பதில்லை, அதுதான் காரணம். பொங்கலுக்கு நீ வீட்டுக்கு வரப்போவதில்லை என்று நிரோஜினியிடம் சொன்னாயாம். அதைப் பற்றி உன்னோடு கதைக்கவேண்டும், போனில் கதைத்தால் திரும்பவும் பிழைத்துப்போகும் என்று பயந்துதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் வீட்டுப் புதினம். மழை இன்னும் விட்டபாடில்லை, உருளைக்கிழங்கு நட்டு இரண்டு கிழமை, முளை வடிவாக வந்திருக்கிறது, ஈரத்தில் இலை கருகாமல் இருந்தால் போதும். சிவத்தப் பசு ஆசைப்பட்டபடி பெண்ணாக ஒரு நாகு கன்று போட்டிருக்கிறது, அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை, உன்னைக் கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்கமாட்டா. நிரோஜினி படிக்கிறாள், படிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நீ அனுப்புகிற படங்களை எங்களுக்குக் காட்டுவதுதான் வேலை. உன்னுடைய பாட்டுச் செற் வளர்ந்து வருகிற கதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆரோ கழித்துவிட்ட கார் ஒன்றிலிருந்து சத்தத்தைக் கூட்டுகிற அம்ப், பழுதான கொம்பியூட்டரிலிருந்து அதற்குக் கரண்டு குடுக்கிற சாமான், பெட்டி வைக்கச் செங்கல், எதிரொலி அடிக்காமல் சுவர் முழுக்க முட்டை மட்டை. காசில்லாத பிள்ளையின் மூளையை மெச்சத்தான் வேண்டும், ஆனால் அந்த மட்டையெல்லாம் ஒட்டின பிறகு அது படிக்கிற பிள்ளையின் அறையா கோழிப்பண்ணையா என்று எனக்குச் சந்தேகம். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இத்தனை முட்டையும் இவன்தான் திண்டவனோ, அப்ப ஏன் இப்பிடி மெலிஞ்சுபோனான் என்று கேட்டா.

இனிப் பெட்டிக் கதைக்கு வருகிறேன். ஐப்பசியில் நீ போன் எடுத்து, அப்பா, வீட்டிலை கிடக்கிற அந்தப் பெட்டி ரண்டையும் பஸ்ஸிலை போட்டுவிடுங்கோ என்றாய். என் காதில் விழுந்தது பெட்டி ரண்டு, பஸ், அவ்வளவுதான். நான் ஓம் ஓம் என்றுவிட்டு அடுத்தநாளே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், மூடி உள்ளதாக, பின்னல் நெருக்கமானதாக, நல்ல பனையோலைப் பெட்டி இரண்டு பார்த்து வாங்கினேன். பிள்ளை விடுதியில் சாமான் போட்டுவைக்க இடமில்லாமல் கஷ்டப்படுகிறான் போல என்று எனக்கு மனவருத்தம் வேறு. வெறும் பெட்டி அனுப்பக்கூடாது என்று அம்மா ஒன்றுக்குள் பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும், மற்றதுக்குள் மிளகாய்த்தூளும் எள்ளுப்பாகும் வைத்துக் கட்டினா. மூன்றாம் நாள் நீ படம் அனுப்பினாய். செங்கல்லுக்கு மேலே இந்தப் பக்கம் ஒரு ஓலைப்பெட்டி, அந்தப் பக்கம் ஒரு ஓலைப்பெட்டி, நடுவிலே அம்ப், கீழே அப்பா அனுப்பின ஸ்பீக்கர், நல்ல காரமாப் பாடுது என்று எழுதியிருந்தாய். நிரோஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். நீ கேட்டது வீட்டில் கிடந்த ஸ்பீக்கர்ப் பெட்டி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் நான் விடுவேனா, பகிடிக்குத்தான் அனுப்பினேன், அவனுக்கு அதுகூட விளங்கவில்லையோ என்று அவளுக்கே திருப்பி ஏசினேன். பகிடி இல்லை தம்பி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

பிழையைத் திருத்தவேண்டும் என்று உண்மையான பெட்டி இரண்டையும் மண்டபத்து அலுமாரிப் பக்கத்திலிருந்து இறக்கினேன். ஒன்றின் மேல் அம்மாவின் பூச்சாடி, மற்றதின் மேல் ஊறுகாய்ப் போத்தல்கள், இத்தனை வருசமாக அதுகள் பாடியதை மறந்து மேசையாகவே நின்றிருக்கின்றன. தூசு தட்டி, பலாலி வீதியில் செல்வரட்ணத்தின் திருத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். உனக்கு அவரைத் தெரியும், எங்கள் ரேடியோவுக்கு எத்தனை தரம் உயிர் குடுத்தவர். மேசையில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்து, நடுவில் என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு நாதஸ்வரத்தை மெல்லப் பாடவிட்டார். சத்தமாக விட்டால் குறை தெரியாதாம், மெல்ல விட்டு ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்கவேண்டுமாம். வலப்பக்கம் சாய்ந்து கேட்டேன், தேன் மாதிரி. இடப்பக்கம் சாய்ந்து கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. இது செத்துப்போச்சு செல்வரட்ணம் என்றேன். இல்லை அண்ணை, நல்லாத்தானே பாடுது என்றார். என்னைப் பேயன் எண்டு நினைச்சியோ என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பாவம், வயரை மாற்றி மாற்றிக் கொழுவிப் பார்த்தார், அப்போதும் இடது பெட்டி ஊமைதான். பாத்தியோ, வயர் மாத்தியும் பாடேல்லை, பெட்டிதான் பிழை என்று நான் வெற்றி பெற்றமாதிரிச் சொன்னேன்.

அவர், அண்ணை ஒருக்கா இஞ்சாலை வாங்கோ என்று மேசைக்கு மற்றப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். இப்போது அந்தச் செத்த பெட்டி என் வலப்பக்கம். குனிந்தேன். நாதஸ்வரம் பாடுகிறது தம்பி, வடிவாகப் பாடுகிறது. மற்றதுக்குச் சாய்ந்தேன், முதல் தேன் மாதிரி இருந்த பெட்டி, அது இப்போது செத்துக் கிடக்கிறது. ரோட்டில் கோண்டாவில் பஸ் போனது, அதன் இரைச்சலும் ஒரு பக்கத்தால்தான் வந்தது. செல்வரட்ணம் செற்றை நிற்பாட்டிவிட்டு, பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை, தேத்தண்ணி குடிப்பம் என்று மட்டும் சொன்னார். நல்ல மனுசன். நான் அந்தத் தேத்தண்ணியை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியைச் சோதிக்கப் போய் என்னைச் சோதித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, பசுவுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், எனக்கு இடது காது கேட்கவில்லை என்று சொன்னேன். ஐயோ என்று தலையில் கைவைப்பா என்று நினைத்தேன். அவ வாளியைக் கீழேகூட வைக்கவில்லை. எனக்குத் தெரியுமே, ரண்டு வருசமா நான் உங்கடை வலப்பக்கத்திலைதானே நடக்கிறன் என்றா. சாப்பாட்டு மேசையில் என் கதிரையை மாற்றிப் போட்டது காற்றுக்கு என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். காற்றுக்கு இல்லை, அவ கதைப்பது எனக்குக் கேட்கவேண்டும் என்று. ஏனப்பா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னா உடனை சண்டைக்கு வருவியள், கதிரை சண்டை பிடிக்காது என்றா. கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம் தம்பி, அந்த மனுசியை நான் அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மா மற்றக் கதையைச் சொன்னா, அதுதான் எனக்கு நெஞ்சில் ஏறி நிற்கிறது. கார்த்திகையில் ஒருநாள் நீ எனக்கு எடுத்துக் கதைத்தாய். நான் தோட்டத்தில் நின்றேன், வலது கையில் மண்வெட்டி, இடது கையால் போனை இடது காதில் பிடித்திருந்தேன், எப்போதும் அப்படித்தான் பிடிப்பேன். உள்ளே ஈ இலையான் இரைவதுபோல ஏதோ கேட்டது. மழையைப் பற்றித்தான் கேட்கிறாய் என்று நினைத்து, ஓம் ஓம், நல்லது என்றேன். பிறகும் ஏதோ கேட்டாய், ஓம் ஓம் என்றேன். நீ கேட்டது, பொங்கல் லீவுக்கு வராமல் இங்கை ஒரு கடையிலை வேலைக்கு நிக்கட்டோ அப்பா என்று. இரண்டாம் தரம் கேட்டது, அப்ப நான் வரத் தேவையில்லையோ என்று. அதற்கும் நான் ஓம் என்றேனாம். அதற்குப் பிறகு நீ அம்மாவின் போனுக்கு மட்டும் எடுக்கிறாய். அப்பாவுக்கு நான் வந்தாலும் ஒண்டுதான் வராட்டிலும் ஒண்டுதான் என்று நிரோஜினிக்குச் சொன்னாயாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், அந்தச் செவிடன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, ஓம் என்று வேறு சொல்லியிருக்கிறான். தம்பி, அது உன் கேள்விக்குச் சொன்ன ஓம் இல்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டவன் சொன்ன ஓம். எனக்குக் கேட்டிருந்தால், உந்தக் கடையும் வேண்டாம் செற்றும் வேண்டாம், வெளிக்கிட்டு வா என்று மாத்தறை வரை கேட்கக் கத்தியிருப்பேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு கள்ளப் புத்தி வந்தது. பெட்டியை அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அதை எடுக்கவாவது நீ வருவாய் என்று நினைத்தேன். அம்மா விடவில்லை, பெத்த பிள்ளையைப் பெட்டியைக் காட்டியோ கூப்பிடுறது, விசரே உங்களுக்கு என்று பேசினா. சரிதான். அதனால் பெட்டி இரண்டும் இந்தக் கடதாசியோடேயே பஸ்ஸில் வருகிறது, இனி நீ வருவதென்றால் எங்களுக்காக மட்டும் வா. முன்துணியை எலி அரித்திருந்தது, அம்மா தன்னுடைய பழைய நூல்சேலையில் வெட்டிப் புதிதாகத் தைத்திருக்கிறா. துணி தடிப்பாக இருந்தால் சத்தம் அமுங்கும் என்று செல்வரட்ணம் சொன்னதால், ஒவ்வொரு சேலையாக வாயில் வைத்து ஊதிப் பார்த்து, காற்றுப் போகிறதைத்தான் தெரிந்தெடுத்தா. ஒரு பெட்டியின் தலையில் ஊறுகாய்ப் போத்தல் வைத்த எண்ணெய் வட்டம் இருக்கும், அதைச் சுரண்டாதே, பலகை கிளம்பும். சிவப்பு வயர் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு, இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி, மாறினால் சத்தம் வெளிறிப்போகுமாம். இரண்டு பெட்டிக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தள்ளி நடுவில் இருந்து கேட்டால்தான் பாட்டுக்காரர் முன்னால் வந்து நின்று பாடுவது போல இருக்கும் என்று நீ நிரோஜினிக்கு எழுதியிருந்தாய், அது உண்மையாக இருக்கும், நான் இனி அதை உன் வாயால்தான் கேட்கவேண்டும். ஒன்று மட்டும் உனக்குக் கட்டளையாகச் சொல்கிறேன், சத்தத்தைக் குறைத்துக் கேள். முப்பது வருசமாக இறைப்பு மிசினை இடப்பக்கம் வைத்துத்தான் தண்ணி இறைத்தேன், அந்தச் சத்தம்தான் காதைத் தின்றிருக்கும் என்று டொக்டர் சொல்கிறார். உனக்குக் கடவுள் தந்த சோடி காதும் முழுசாக இருக்கவேண்டும், அதைவிடப் பெறுமதியான செற்றை நீ எந்தக் கடையிலும் வாங்கமாட்டாய்.

போன கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் வரச்சொல்லியிருக்கிறார்கள். காதில் ஒன்றைக் கொழுவி, ஒவ்வொரு காதுக்கும் வேறு வேறாகச் சத்தம் விட்டுப் பார்ப்பார்களாம், உன் ஸ்டீரியோ மாதிரித்தான். வரும்போது, சொல்வதைக் கேட்டு எனக்குத் திருப்பிச் சொல்ல வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டொக்டர். அம்மா வருவா, நிரோஜினியும் வருவாள். ஆனால் எனக்கு நீதான் பக்கத்தில் இருக்கவேண்டும். இப்படி வாய்விட்டு உன்னிடம் நான் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

படிப்பிலும் உடம்பிலும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் உன்னைக் காக்கட்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. அந்த ஓலைப்பெட்டி இரண்டையும் எறிந்துவிடாதே, மிளகாய்த்தூள் முடிந்ததும் திரும்பக் கொண்டுவா என்று அம்மா சொல்லச் சொன்னா. இந்தக் கடதாசி வாசித்து முடிந்ததும் போன் எடு, அம்மாவின் போனுக்கு இல்லை, என்னுடையதுக்கு. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வலது காதில் வைத்திருப்பேன். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றித் திரும்பக் கேள், அப்பா பொங்கலுக்கு வரட்டோ என்று. நான் ஓம் என்பேன். அது கேட்டுச் சொல்கிற ஓம்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்தபடி,
அப்பா
பஞ்சலிங்கம்